பன்னீர் திராட்சையின் மாவு

உத்தமபாளையத்தில் நான் எடுத்த முதல் படத்தில் திராட்சை விழவில்லை. கம்பம் போகிற பேருந்துதான் விழுந்தது.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இது புரியும். சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத சங்கதிகளை ஊசியால் தடவிப் பார்த்து அளப்பது என் வேலை. கோபன்ஹேகனில் ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஊசி பொருளின் மேல் வரிவரியாக ஊர்ந்து போகும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி படமாக வரைந்து தரும். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் வருகிற ஒரு கூறைக்கூட அந்த ஊசி உணர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊசிக்குக் கல்லூரி வாசலில் பேருந்து பிரேக் போடுவது பூகம்பம். திரையில் அலை அலையாக வந்தது. "நல்லாத்தானே இருக்கு மேடம், கடல் மாதிரி" என்றாள் கார்த்திகா. இயற்பியல் துணைப் பேராசிரியை, என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்த புண்ணியவதி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் வாய்தான் காரணம். திராட்சைத் தோலின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே ஒரு மாவு, அது பழம் தானே சுரக்கிற மெழுகு. தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்றைச் செய்வதற்காக அந்த மெழுகின் அமைப்பை அளக்க எங்கள் ஆய்வகம் ஆசைப்பட்டது. அங்கே கடையில் கிடைக்கும் பழம் பத்துக் கை மாறி வருவதற்குள் மெழுகு எல்லாம் தேய்ந்து போயிருக்கும். ஒரு கூட்டத்தில் நான் சும்மா இருக்காமல், "எங்கள் ஊர்ப் பக்கம் வருடம் பூராவும் திராட்சை காய்க்கும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது" என்று பீற்றிக்கொண்டேன். நான் பிறந்தது தஞ்சாவூர். தேனிப் பக்கம் அதுவரை தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. என் மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் அடங்கும் சின்னக் கருவியைக் கையில் கொடுத்து, ஐந்து நாள் அவகாசமும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தேனியிலிருந்து வந்த பேருந்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். "பின்னாடி வைங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று நடத்துநர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. சின்னமனூர் தாண்டி டயர் பஞ்சர் ஆகி எல்லோரும் இறங்கி நின்றபோதும் பெட்டி என் இடுப்பில்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா உரித்த வாழைப்பழத்தை நேராக என் வாயருகே நீட்டினார். "கைதான் ஒழியல, வாயுமா ஒழியல? தின்னும்மா" என்றார். கோபன்ஹேகனில் என் எதிர்வீட்டுக்காரருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று பதினாறு வருடமாகத் தெரியாது. இங்கே அரை மணி நேரத்தில் என் வேலை, சம்பளம், பிள்ளை இல்லாதது, முட்டிவலி எல்லாம் பேருந்துக்கே தெரிந்துவிட்டது. ரோட்டோரக் கடையில் பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு ஏறினோம். அங்கே மலையாளச் சொல்லைத் தமிழர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பேருந்துப் படம் விழுந்த அன்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கார்த்திகா என்னை அனுமந்தன்பட்டிக்குக் கூட்டிப் போனாள். அங்கே காதர் மைதீன் என்பவருடைய திராட்சைத் தோட்டம். அறுபதை ஒட்டிய வயது, ஒடிசலான ஆள், வெள்ளைக் கைலி. பந்தலுக்கு உள்ளே நுழையும்போதே தலையைக் குனிய வேண்டியிருந்தது. எங்கள் தஞ்சாவூர் வயலில் நிமிர்ந்து நடந்து பழகியவள் நான். நிமிர்ந்த முதல் தடவையே நெற்றியில் கம்பி இடித்தது. தலைக்கு மேலே கறுத்த கொத்துகள், ஒவ்வொரு பழத்தின் மேலும் நீறு பூசினாற்போல வெள்ளை மாவு. பன்னீர் திராட்சையின் வாசனை மூக்கை ஒரு வழியாக்கியது. என்னை அறியாமல் கையை நீட்டினேன்.

"கைய வச்சிராதீக மேடம்! மாவு போயிரும். காம்பப் பிடிங்க" என்றார்.

அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள் நான்.

ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கொத்தைக் காம்போடு பிடித்தபடியே கேட்டார்: "மேடம், இது மருந்தா, மாவா? ஒங்க மிஷின் சொல்லிருமா?"

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. பக்கத்துத் தோட்டம் தங்கராசுவுடையது. முப்பது வருடப் பழக்கம், மாமன் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தங்கராசுவின் மகள் மாசமாக இருந்தாள், அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். காதர் மைதீன் முதல் வெட்டுப் பழத்தைத் தூக்குவாளி நிறைய அனுப்பினார். மீதியைக் கடைக்குப் போட்டார். அடுத்த நாள் கைப்பேசியில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தது. யாரோ ஒருவர் திராட்சையை விரலால் தேய்த்து, ஒட்டிய வெள்ளையைக் காட்டி, "பாருங்க மக்களே, பூராவும் விஷம்" என்கிறார். பக்கத்தில் இருந்த பெட்டியில் காதர் மைதீன் பெயர் பளிச்சென்று தெரிகிறது.

"எங்கூர்ல குடுத்தனுப்புன ஏனத்த வெறுமனே திருப்ப மாட்டாக. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்பாக. அன்னைக்குத் தூக்குவாளி திரும்பி வந்துச்சு மேடம். உள்ளுக்க எங்க பழமே இருந்துச்சு" என்றார். "வியாபாரம் கெடக்குது, இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். புள்ளத்தாச்சிக்கு நான் என்னத்தக் குடுத்தேன்? அதத்தான் தெரிஞ்சுக்கணும்."

என் கருவி பொருளின் பெயரைச் சொல்லாது, உருவமும் உயரமும் கெட்டியா மென்மையா என்பதும்தான் தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"உருவம் தெரிஞ்சாப் போதும். தூரத்துல வாரது யாருன்னு நாங்க நடையப் பாத்தே சொல்லிருவோமுல்ல" என்றார்.

மறுநாள் கருவியோடு தோட்டத்து வீட்டுக்கே குடிபோனேன். காதர் மைதீனின் மனைவி நூர்ஜஹான் எனக்குப் பழப்பெட்டி அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார். சாலையிலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் அதிர்வு விடவில்லை. மிக்ஸி ஓடினால் படத்தில் மிக்ஸி வந்தது, கோழி ஓடினால் கோழி வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்றே பாதாள அறையில் ஒரு தனி மேடை உண்டு. இங்கே பாதாளத்துக்கு எங்கே போவது? கனமான கல்லின் மேல் கருவியை வைத்து, கல்லை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் தரையின் அதிர்வு மேலே ஏறாது. கல்லுக்குச் சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு கிடைத்தது. ஸ்பிரிங்குக்காகக் கார்த்திகாவோடு உத்தமபாளையம் கடைவீதிக்குப் போனேன்.

"தொட்டில் ஸ்பிரிங் நாலு குடுங்க."

"நாலா?" கடைக்காரர் என்னையும் கார்த்திகாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஷா அல்லா. புள்ளைக எம்புட்டு எடை இருக்கும்?"

"எல்லாம் சேத்து இருபத்தஞ்சு கிலோ வரும்."

மனிதர் இருப்பதிலேயே தடியான ஸ்பிரிங்காக எடுத்து வைத்தார்.

தொங்கவிட்டதும் நூர்ஜஹான் ஒரு வழக்கைக் கிளப்பினார். "வெறுந்தொட்டில் ஆடக்கூடாதும்மா. புள்ளைக்கு ஆகாது."

"எந்தப் பிள்ளைக்குங்க?"

"எந்தப் புள்ளைக்குந்தான். அங்கன பக்கத்து வீட்டுல ஒருத்தி வயித்துல வச்சுக்கிட்டு இருக்காள்ல?"

தூக்குவாளியில் பழத்தைத் திருப்பி அனுப்பின வீட்டுப் பெண்ணைத்தான் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கல்லும் கருவியும் இருக்கிறது, இது வெறுந்தொட்டில் கணக்கில் வராது என்று வாதாடினேன். அவர் யோசித்துவிட்டு, பழைய புடவை ஒன்றைக் கல்லுக்கு அடியில் மடித்துப் போட்டார். "இப்பச் சரி" என்றார். அந்தப் புடவை மீதி இருந்த கொஞ்ச அதிர்வையும் விழுங்கிக்கொண்டது. பதினாறு வருட அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

மதியம் நெய்ச்சோறும் தால்ச்சாவும். கத்தரிக்காயும் எலும்பும் பருப்பில் கரைந்து கிடந்தன. நான் மூன்றாம் முறை கேட்டதும் நூர்ஜஹானுக்கு என்மேல் இருந்த மரியாதை போய்ப் பிரியம் வந்துவிட்டது. "மேடம்" போய் "தங்கச்சி" ஆனேன்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் கோபம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். முந்தின நாளே பந்தலில் ஒரு கொத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, "இதை யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே வெறும் காம்பு. கொத்து எங்கே? என் அறையில், எவர்சில்வர் தட்டில், நூலோடு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, யாருங்க இதைக் கழுவினது?" என்று கத்தியே விட்டேன்.

நூர்ஜஹான் பதறிப்போய் வந்தார். "நாந்தான் தங்கச்சி. நீ நூல் கட்டி வச்சிருந்தியே, திங்கத்தான்னு நெனச்சுப் பறிச்சேன். உப்புத் தண்ணியில முக்கி எடுத்தேன். துணி போட்டுத் தொடைக்கல, மாவு போயிருமுன்னு எனக்குத் தெரியாதா?"

"கழுவவே கூடாதுக்கா! நான் தின்னவா கேட்டேன்?"

"என்னம்மா நீ, மருந்தடிச்ச பழத்த விருந்தாளிக்கு அப்படியேவா குடுப்பாக?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாசலில் காதர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார். கத்தியதற்காக என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கழுவின பழத்தையே முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தோலில் நகத்தளவு துண்டை பிளேடால் எடுத்து, உலோக வில்லையில் ஒட்டி, தொட்டிலில் ஏற்றினேன். தோல் சுருங்குவதற்குள் முடித்தாக வேண்டும். படம் ஓடத் தொடங்கியதும் மறுபடியும் அலை. இந்த அலை சீராக, மூச்சு விடுவதுபோல வந்துகொண்டே இருந்தது.

காதர் மைதீன் திரையைப் பார்த்தார், பிறகு காதைத் தீட்டினார். "அது தங்கராசு மோட்டார்" என்றார்.

"ஒரு படத்துக்கு எட்டு நிமிஷந்தாங்க. நான் போய்க் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம் மேடம். நான் போறதுதான் மொற."

ஒரு வாரமாக அவர் அந்த வேலியைத் தாண்டவில்லை. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வருவதே சில மணி நேரம்தான், அதற்குள் வாழைக்குப் பாய்ச்சியாக வேண்டும். அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்பது சின்ன விஷயமில்லை. அதுவும் இந்த நிலைமையில். அவர் வேலி வரை போய் நின்றார். கைலியைச் சரிசெய்தார். நூர்ஜஹான் என் பக்கத்தில் நின்று, "போங்களேன், அவுக கடிச்சா வைக்கப் போறாக" என்று அவர் காதில் விழாத தூரத்திலிருந்து முணுமுணுத்தார். அவர் தாண்டினார்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. எனக்குக் காது அடைத்தாற்போல இருந்தது, அப்படி ஒரு அமைதி. காதர் மைதீனுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்தார். தடித்த உருவம், சேற்றுக் கால். தங்கராசுதான்.

"மோட்டார நிறுத்துற அளவுக்கு என்ன நடக்குதுன்னு பாத்துட்டுப் போறேன் ஆத்தா" என்று என்னிடம்தான் சொன்னார், காதர் மைதீனிடம் இல்லை. அறை வாசலில் காலை வெளியே வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஊசி ஊர்ந்தது. திரையில் மேலிருந்து வரி வரியாகப் படம் இறங்கியது. யாரும் அசையவில்லை. தங்கராசு இருமலைத் துண்டால் அடக்கிக்கொண்டார். பாதிப் படம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெல்லிய தகடுகள். ஒன்றோடு ஒன்று சாய்ந்து, செருகி, நெருக்கி நின்றன, உடைத்த அப்பளத்தைக் குவித்து வைத்த மாதிரி. இத்தனை வருடத்தில் எத்தனையோ மெழுகு பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக ஒரு படம் எனக்கு வாய்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

"இதாங்க மாவு. பழத்தோட சொந்த மெழுகு. இது மேல வெளிச்சம் பட்டுச் சிதறுறதாலதான் வெள்ளையாத் தெரியுது. வீடியோவுல விரல்ல ஒட்டுச்சே, அதுல பெரும்பகுதி இதாத்தான் இருக்கணும்."

தங்கராசு திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இம்புட்டு அழகா இருக்குது" என்றார். எழுந்தார். காதர் மைதீனை நேராகப் பார்க்கவில்லை. "தண்ணி பாயணும், வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று காதர் மைதீன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார்த்திகா கல்லூரியிலிருந்து போன் செய்து, "ஊரே மேடத்தப் பத்தித்தான் பேசுது" என்றாள்.

நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. படத்தில் இருந்தது கழுவின பழம், மருந்து இருந்திருந்தாலும் தண்ணீரோடு போயிருக்கும்.

நான்காம் நாள் வெள்ளனே, மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன்பாக, பந்தலில் நானே ஒரு பழத்தைக் காம்போடு நறுக்கி எடுத்து வந்தேன். கழுவவில்லை. அதே தகடுகள் இருந்தன. ஆனால் அவற்றின் மேல் அங்கங்கே உருண்டை உருண்டையாகக் கட்டிகள். ஊசியை அழுத்திப் பார்த்தேன். மெழுகு கொஞ்சம் அமுங்கியது, கட்டி அமுங்கவில்லை. இன்னொரு பழத்தையும் பார்த்தேன், அதிலும் அதே கட்டிகள். மண்தூசியாக இருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். அந்த வீட்டு நெய்ச்சோறு அப்படி ஆசைப்பட வைத்தது.

காதர் மைதீன் டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அது என்ன மேடம், உருண்டையா?"

"தெரியலைங்க. நீங்க அடிச்ச மருந்து மிச்சம் இருக்கா?"

கந்தகத்தூள் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி, கழுவின பழத்தோலில் ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, தொட்டிலில் ஏற்றினேன். எட்டு நிமிடமும் அவர் என் பின்னால் நின்றபடியே இருந்தார். அதே உருண்டைகள், அதே கெட்டி. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளை நடையை வைத்தே சொல்லிவிடுகிற ஊர்க்காரர் அவர்.

"மருந்தடிச்சா இத்தன நாள் பொறுத்துத்தான் வெட்டணும்னு பாக்கெட்டுலயே போட்டிருக்காக" என்றார் மெதுவாக. "நாப்பது வருசமா நான் நாள் தப்புனதில்ல. இந்தத் தடவ வளகாப்புக்கு மூணு நாள் முன்னாடிதான் அடிச்சிருந்தேன். மொத வெட்டு அந்தப் புள்ள மடிக்குத்தான் போகணும்னு ஒரு ஆச. வெட்டிட்டேன் மேடம்."

கந்தகம் கொடிய விஷமில்லை, கழுவினால் பெரும்பாலும் போய்விடுகிறது, இதோ கழுவின படமே சாட்சி என்றெல்லாம் மூச்சு விடாமல் பேசினேன். நான் டாக்டர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீயை என் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

ஐந்தாம் நாள் நான் கிளம்ப வேண்டும். மதுரைக்குக் கார் சொல்லியிருந்தது. போகிற வழியில் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுத் தரும்படி காதர் மைதீன் கேட்டார், தங்கராசு வீட்டுக்குக் கொண்டுபோக. உத்தமபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தோம். நான் முதல் படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அப்பள அடுக்கு. அதன் கீழே "இது பழத்தின் சொந்த மெழுகு" என்று தட்டச்சு செய்தேன். தங்கராசுவும் இதைத்தான் பார்த்திருக்கிறார், மற்றது எங்கள் இருவரோடு போகட்டும் என்பது என் கணக்கு. தொழிலில் இது புதிதும் இல்லை. ஐம்பது படம் எடுத்து, அழகான ஒன்றைத்தான் கட்டுரையில் போடுவோம். எல்லோரும் அப்படித்தான். நானும்.

"இன்னொன்னு?" என்றார்.

"அது எதுக்குங்க? இது பொய் இல்லையே. உள்ள படந்தானே?"

"அந்த வீடியோ எடுத்தவனும் உள்ளதத்தான காட்டுனான் மேடம்? வெள்ளை இருந்துச்சு, விரல்ல ஒட்டுச்சு. மத்தத விட்டுட்டான். நானும் ஒண்ண மட்டும் காட்டுனா எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டாம் படத்தையும் எடுத்தேன். கீழே "மருந்துப் படிவு" என்று அடித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு மருந்துன்னு இல்லையே."

மாற்றினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: "இது நான் அடித்த மருந்து. நாள் பொறுக்காமல் வெட்டினேன். காதர் மைதீன்." கடைக்காரப் பெண் அச்சுப் போட்ட தாளை எடுத்துப் படித்துவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒருவர் ஒன்றும் கேட்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்ப அனுமந்தன்பட்டிக்கே போனோம். கார்க்காரர் என்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினார். தங்கராசு வீட்டு முன்னறையில் அவரும், மனைவியும், மகளும் இருந்தார்கள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் கை நிறைய வளையலோடு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காதர் மைதீன் உட்காரவில்லை. இரண்டு தாள்களையும் தங்கராசுவிடம் நீட்டினார். தங்கராசு வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் கீழே இருந்த எழுத்தைத் தன் அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். முதல் தாளைச் சரளமாகப் படித்தாள். இரண்டாம் தாளில் பெயருக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"கொடியில இருக்கறத இன்னும் வெட்டல" என்றார் காதர் மைதீன். "நாளு ஆகட்டும். குருவி தின்னது போக மீதி இருந்தாப் போதும்."

அந்தப் பெண் இரண்டு தாள்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடியே நான் ஒரு கொத்து தின்னுட்டேன் மாமா. இதுல எத நான் தின்னேன்?"

"ரெண்டையுந்தான் தாயி" என்றார்.

தங்கராசுவின் மனைவி அதுவரை வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, காதர் மைதீன் பக்கத்தில் போட்டார்.

"எம்புட்டு நேரந்தான் நிப்பீக. உக்காருங்கண்ணே" என்றார்.

அவர் உட்கார்ந்தார். வெளியே கார்க்காரர் ஹார்ன் மேல் ஹார்னாக அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும் என்று நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.